வெள்ளாறு முடியும் இடம்

கடந்த பருவத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு நெய்தல் திணையைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பழந்தமிழ்த் துறைமுகங்கள் பெரும்பாலும் ஆற்றின் வாயிலேயே அமைந்தவை என்று சொல்லி, காவிரியின் வாயில் புகார், பொருநையின் வாயில் கொற்கை, பேரியாற்றின் வாயில் முசிறி எனக் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். திட்டக்குடியை அடுத்து, வெள்ளாற்றங்கரையிலேயே வீடு உள்ளவர் அவர். "ஐயா, நம்ம வெள்ளாறு எங்க போய்க் கடல்ல சேருது? அங்க ஒரு பட்டினம் இருந்திருக்குமா?" என்று கேட்டார்.

வகுப்பில் விடை சொல்ல ஒருவரும் இல்லை. நான் சொன்னேன்: பரங்கிப்பேட்டை. ஆனால் அந்தப் பெயருக்குமேல் என்னால் பேச முடியவில்லை. திட்டக்குடியில் பிறந்து வளர்ந்து, நாற்பது வயதைக் கடந்து, புகாரைப் பற்றி ஒரு மணிநேரம் தடையின்றிப் பேசக்கூடிய நான், எங்கள் ஊர் ஆறு கடலைத் தொடும் இடத்தை ஒருமுறையும் சென்று பார்த்ததில்லை. அந்த வெட்கமே இந்தப் பயணத்துக்கும் கட்டுரைக்கும் காரணம்.

அரையாண்டு விடுமுறையில் இரண்டு நாள் ஒதுக்கிக்கொண்டு, மனைவியும் மகளும் உடன்வர, ஒரு மார்கழி விடியலில் கிளம்பினோம். உள்நாட்டு மார்கழி பனி மிகுந்தது. பேருந்து நிலையத்துக்கு நடந்தபோது எதிர் வீட்டு வாசல்கூடத் தெளிவாகத் தெரியவில்லை. கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையார்மீது செருகிய மஞ்சள் பூக்கள் மட்டும் தெரிந்தன. "இது பூசணிப்பூவா, பரங்கிப்பூவா?" என்று மகள் கேட்டாள். பரங்கிப்பூ என்றேன். சொன்ன பிறகுதான் அச்சொல்லும் நாங்கள் செல்லும் ஊரின் பெயரும் ஒன்றே என்பது உறைத்தது.

ஐரோப்பியரைக் குறிக்க அரபியரும் பாரசீகரும் வழங்கிய 'ஃபிரங்கி' என்னும் சொல்லே தமிழில் பறங்கி என்றும் பரங்கி என்றும் ஆயிற்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அந்தக் காய் ஐரோப்பியர் வருகைக்குப் பின்னர் இங்கே பரவியது. பரங்கியர் கொண்டுவந்தது பரங்கிக்காய் எனப் பெயர் பெற்றது என்று கொள்ளலாம். மார்கழிக் கோலத்தின் நடுவில், நம் மரபின் உச்சி என்று நாம் கருதும் இடத்தில், கடல் கடந்து வந்த பூ ஒன்று அமர்ந்திருக்கிறது. துறைமுகங்களின் வரலாறு துறைமுகத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சிறிய சான்று தேவையில்லை.

ஆற்றின் வழியே

சேலம் மாவட்டத்து மலைப்பகுதிகளில் பிறக்கும் வசிட்டநதியும் சுவேதநதியும் கூடி வெள்ளாறு ஆகின்றன. தொழுதூர் அணையில் அதன் நீரில் ஒரு பகுதி கால்வாய் வழியே வெலிங்டன் ஏரிக்குத் திருப்பப்படுகிறது. 1913இல் தொடங்கி 1923இல் முடிந்த அந்த நீர்த்தேக்கமே எங்கள் வட்டாரத்து வயல்களின் உயிர். திட்டக்குடியைக் கடந்து கிழக்கே செல்லும் ஆற்றுக்குத் தேவாரத்தில் வேறொரு பெயர் உண்டு: நிவா. எங்கள் ஊருக்கு அண்மையில் உள்ள திருவட்டத்துறையே பாடல்பெற்ற நெல்வாயில் அரத்துறை. ஞானசம்பந்தர் முத்துச்சிவிகை பெற்ற தலம் என்று பெரியபுராணம் போற்றுவதும் இதனையே. அத்தலத்தைப் பாடிய சுந்தரர், நிவா ஆறு அகிலையும் ஒளிமணிகளையும் உந்திக்கொண்டு வருவதாகப் பாடுகிறார். முதுகலை பயின்ற நாளில் அதனை வழக்கமான ஆற்று வருணனை என்று கடந்துபோனேன். மலைப்பொருளைக் கடல்நோக்கிக் கொண்டுசெல்லும் வழியாகவே அவர் இந்த ஆற்றைக் கண்டார் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் பேருந்து மாறினோம். விருத்தாசலத்தின் மணிமுத்தாறு வெள்ளாற்றோடு கலக்கும் இடத்தில் கூடலையாற்றூர் இருக்கிறது. இரண்டு ஆறும் கூடுவதாலேயே அப்பெயர். அதுவும் சுந்தரர் பாடிய தலம். பிறகு சேத்தியாத்தோப்பு. அங்கே அணைக்கட்டு மீண்டும் நீரைப் பாசனத்துக்குப் பிரிக்கிறது. பின்னர் புவனகிரி, பு.முட்லூர். முட்லூரில் இறங்கும்போது பனி முற்றாக விலகிவிட்டது. கண் கூசும் வெயில். மார்கழியில் உள்நாட்டார் கடற்கரைக்குப் போவதன் சுகம் இதுதான் என்றாள் மனைவி. நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவு. இதற்கு எனக்கு நாற்பது ஆண்டுக்குமேல் ஆகியிருக்கிறது.

ஓர் ஊர், மூன்று பெயர்

திட்டக்குடியைப் போலவே பரங்கிப்பேட்டையும் வெள்ளாற்றின் வடகரை ஊர். ஆனால் திட்டக்குடியில் மணற்பரப்பின் நடுவே ஒதுங்கி ஓடும் ஆறு, இங்கே அகன்று, ஆழ்ந்து, கடலின் ஏற்றவற்றத்தோடு மூச்சுவிடுகிறது. கரையோரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம். தெற்கே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. எதிரே கழிமுகம்.

இவ்வூருக்கு மூன்று பெயர்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், செஞ்சி நாயக்கர் ஆட்சியில், இங்கே குடியேறிய போர்த்துக்கீசியர் இதனைப் போர்ட்டோ நோவோ என்றனர். அவர்கள் மொழியில் அதற்குப் புதிய துறைமுகம் என்று பொருள். தமிழர் பரங்கியரின் பேட்டை என்றனர். இசுலாமிய வணிகரும் ஆட்சியாளரும் முகமது பந்தர் என்றனர். பந்தர் என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். பாடநூல்கள் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எனக் கொடிகளின் வரிசையாகவே இத்தகைய ஊர்களின் வரலாற்றைச் சொல்லிப் பழகிவிட்டன. மூன்று பெயரையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் அவ்வரிசை போதாது என்பது தெரியும். வந்தவன் தனக்குப் புதியது என்றான். உள்ளூரான் வந்தவனைச் சுட்டிப் பெயரிட்டான். கடலோடி வணிகன் அதனைத் துறை என்றே அழைத்தான். மூவரில் அந்தத் துறையின் தொழிலைப் பெயரில் வைத்தவர்கள் இருவர்.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிருந்து கப்பல் செலுத்தியவர்களுள் ஐரோப்பியருக்கு ஈடுகொடுத்து நின்றவர்கள் தமிழ் முசுலிம்களான மரைக்காயர்கள். அச்சே, மலாக்கா, கெடா, பர்மா, இலங்கை ஆகிய இடங்களுக்கு அவர்களின் கப்பல்கள் துணியேற்றிச் சென்றன. கீழைக்கடல் நாடுகளில் அவர்களுக்குச் சூலியர் என்று பெயர். பினாங்கில் இன்றும் சூலியா தெரு இருக்கிறது. அக்கப்பல்களின் சரக்கு உள்நாட்டுத் தறிகளில் நெய்தது. உள்நாடு என்பது எங்களைப் போன்ற ஊர்கள்தாம். ஐரோப்பியக் கம்பெனிகள் இங்கே பண்டசாலை கட்டிக்கொண்டதும் அந்தத் துணிக்காகவே. புதுச்சேரி ஆளுநர் லெனுவாரின் காலத்தில், 1726இல், இவ்வூரின் பிரெஞ்சுப் பண்டசாலை அலுவலை ஏற்றவர் பின்னாளில் நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை. தமிழ் உரைநடை வரலாற்றில் நாம் கட்டாயம் படிக்கும் அம்மனிதர் தொழில் பழகிய இடங்களுள் ஒன்று எங்கள் ஆற்றின் வாய்.

ஊருக்குள் நடந்தபோது ஒரு தெருப் பெயர் என்னை நிறுத்தியது: சலங்குக்காரத் தெரு. சலங்கு என்பது கடலோரத்தில் சரக்கேற்றும் படகு. பெருங்கப்பல்கள் ஆற்றுவாயின் மணல்மேட்டைத் தாண்டி உள்ளே வர இயலாது, தொலைவில் நங்கூரமிடும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கை ஏற்றி இறக்கியவர்கள் இப்படகோட்டிகள். கப்பல்கள் மறைந்தன, கம்பெனிகள் கலைந்தன, தெருவின் பெயர் மட்டும் அவர்களை மறக்கவில்லை.

பகைவர் கூடிய நாள்

இவ்வூரின் மதிப்பை அளக்க 1733ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று போதும். அதற்கு இரண்டாண்டு முன்னர் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. உல்ரிகா எலியனோரா அரசியின் பெயர் தாங்கிய அதன் கப்பல் 1733 செப்டம்பரில் பரங்கிப்பேட்டைக்கு வந்தது. சுவீடியர் பண்டசாலை அமைத்துச் சரக்கு வாங்கத் தொடங்கினர். அடுத்த மாதமே சென்னை ஆங்கிலேயரும் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரும் படையனுப்பி அந்தப் பண்டசாலையைக் கைப்பற்றினர். உலகெங்கும் ஒருவரையொருவர் அழிக்க முனைந்த இரு பகைவரும் இங்கே கைகோத்துக்கொண்டனர். மூன்றாமவன் ஒருவன் நேரே நெசவாளனிடம் துணி வாங்கினால் விலை ஏறிவிடும் என்னும் அச்சமே அதற்குக் காரணம் என்று கொள்வதில் தவறில்லை. சுவீடியக் கப்பல் பெருத்த இழப்போடு ஊர் திரும்பியது.

அதே நூற்றாண்டின் இறுதியில் துணிக்காக வந்தவர்கள் நாட்டுக்காகப் போரிட்டனர். 1780 சூலையில் ஐதர் அலியின் குதிரைப்படை பரங்கிப்பேட்டையைச் சூறையாடியது. மறு ஆண்டு சூன் 18இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட், ஐதரின் வீரர்கள் காவல் காத்த சிதம்பரம் கோயிலைத் தாக்கித் தோற்று இவ்வூருக்குப் பின்வாங்கினார். ஐதர் அவருக்கும் கடலூருக்கும் இடையே வந்து வழியை அடைத்தார். 1781 சூலை 1ஆம் நாள், ஏறத்தாழ 8,000 பேருடன் கூட் தம்மைவிடப் பன்மடங்கு பெரிய படையை எதிர்கொண்டு வென்றார். கரையோரம் நின்ற சிறு கப்பல் ஒன்றின் பீரங்கியும் அவருக்குத் துணை நின்றது. ஆண்டு ஒன்று முடியுமுன்பே, 1782 மார்ச்சில், சுஃப்ரேன் தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பற்படை ஐதருக்குத் துணையாக இதே கரையில் படையிறக்கியது. வரலாற்று நூல்கள் இவற்றை வெற்றி தோல்வியாக எழுதுகின்றன. இரண்டே ஆண்டில் மும்முறை படைகள் வந்து போன ஊரில் தறி எவ்வாறு ஓடியிருக்கும் என்று அவை கேட்பதில்லை.

இரும்பு

நிற்க. பரங்கிப்பேட்டை என்றதும் படித்தவர் சிலர் சொல்லக்கூடிய செய்தி ஒன்றுண்டு: இங்கே ஓர் இரும்பாலை இருந்தது. சென்னை மாகாணத்தில் கம்பெனி அலுவலராக இருந்து விலகிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830இல் அதனைத் தொடங்கினார். ஐரோப்பிய முறை ஊதுலைகளை இந்தியாவில் நிறுவி இரும்பு உருக்கிய தொடக்க முயற்சிகளுள் இது முதன்மையானது. கம்பெனி அரசு அவருக்குக் கடனும் கனியெடுக்கும் உரிமையும் கொடுத்தது. இரும்புக்கனி சேலத்திலிருந்து, அதாவது வெள்ளாறு பிறக்கும் அதே மாவட்டத்திலிருந்து வந்தது. எரிபொருள் மரக்கரி. சுந்தரர் ஆறு அகிலை உந்திவருவதாகக் கண்டார். அவருக்குப் பல நூற்றாண்டு பின்னர் மலையின் இரும்பும் காட்டின் மரமும் இந்த ஆற்றுவாய்க்கு வந்து சேர்ந்தன.

இவ்வாலையின் இரும்பு இங்கிலாந்துக்குச் சென்று, வேல்சு நாட்டு மெனாய் தொங்குபாலத்துக்கும் பிரிட்டானியா பாலத்துக்கும் பயன்பட்டது என்று பலரும் பெருமையோடு எழுதுவர். இதில் ஒரு பாதி நிற்காது. மெனாய் தொங்குபாலம் திறக்கப்பட்டது 1826இல். பரங்கிப்பேட்டை ஆலை தொடங்கியதோ 1830இல். ஆலை பிறக்குமுன்பே கட்டி முடித்த பாலத்துக்கு அதன் இரும்பு எவ்வாறு போயிருக்கும்? அதே நீரிணையின்மீது 1850இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலத்தைப் பற்றிய கூற்றுக்குக் காலக்கணக்கு இடம் தருகிறது. பெருமை நமக்கு வேண்டியதுதான். ஆண்டைச் சரிபார்த்த பெருமையாக அது இருந்தால் நல்லது.

ஆலை நெடுநாள் நிலைக்கவில்லை. இங்கிலாந்தில் நிலக்கரியைக் கொண்டு மலிவாக இரும்பு உருக்கினார்கள். இங்கே ஒரு டன் இரும்புக்கு அதனினும் பன்மடங்கு எடையுள்ள மரக்கரி வேண்டும். காடு குறையக் குறையக் கரி தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று, செலவு ஏறிற்று. ஹீத் இங்கிலாந்து சென்று, உருக்குச் செய்வதில் மாங்கனீசைப் பயன்படுத்தும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு உருக்குத் தொழிலுக்கு அது பெரும் செல்வம் தந்தது. அவருக்கோ வழக்குகளையே தந்தது. அவ்வழக்கு முடியுமுன்பே 1851இல் மறைந்தார். ஆலை கைமாறி, தள்ளாடி, அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அணைந்துபோனது. வெட்டிய காடுகளின் கணக்கு எங்கும் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. அவற்றின் நீரைத்தான் எங்கள் ஆறு கொண்டுவந்தது.

துறை எப்படி அடைந்தது?

மாலையில் கழிமுகக் கரையில் அமர்ந்திருந்தோம். வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எந்த ஊர் என்று கேட்டார். திட்டக்குடி என்றேன். "அப்ப இந்தத் தண்ணி உங்க ஊர்த் தண்ணிதான் தம்பி," என்று சிரித்தார். சற்றுப் பொறுத்து, "மழைக்காலத்துல மட்டும். மத்த நாள்ல இது கடல்தான். மேல இருந்து தண்ணி வேகமா வந்தாத்தான் வாயில இருக்குற மணலைத் தள்ளும். வரலைன்னா வாய் தூந்துபோவும்" என்றார்.

வழக்கமாக இத்துறைமுகத்தின் வீழ்ச்சிக்குச் சொல்லும் காரணங்கள் உண்மையானவைதாம். போர்கள் ஊரை அழித்தன. ஆங்கிலேயர் தம் வணிகத்தைச் சென்னையில் குவித்தனர். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் டச்சுக்காரரும் இக்கரையின் தங்கள் இடங்களை விட்டுக்கொடுத்தபின், போட்டியிட்டு வாங்க இங்கே எவரும் இல்லை. இங்கிலாந்தின் ஆலைத்துணி உள்நாட்டுத் தறியை ஒடுக்கியது. நீராவிக் கப்பல்கள் ஆழமான துறைகளை நாடின. 1870களின் பிற்பகுதியில் கடலூர், சிதம்பரம் வழியாகப் போடப்பட்ட இருப்புப்பாதை, படகில் சென்ற சரக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டது. ஆயினும் இக்காரணங்கள் அனைத்துக்கும் அடியில் ஒரே செய்திதான் உள்ளது: துறைக்கும் உள்நாட்டுக்கும் இருந்த நரம்பு அறுந்தது. தறி நின்றபோது ஒருமுறை, காடு அழிந்தபோது ஒருமுறை, ஆறு வராமற்போனபோது ஒருமுறை.

அணைகளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்நீரில் விளைந்த நெல்லை உண்டு வளர்ந்தவன் நான். ஆனால் மேற்கே நாம் எடுக்கும் ஒவ்வொரு குடம் நீருக்கும், அள்ளும் ஒவ்வொரு வண்டி மணலுக்கும் கிழக்கே ஒரு கணக்கு இருக்கிறது என்பதை நாங்கள் அறிந்திருக்கவில்லை. ஆற்றின் முடிவைக் காணாதவர்களுக்கு அந்தக் கணக்கு தெரிய வழியில்லை.

கடலும் தன் கணக்கை ஒருமுறை எழுதியது. 2004 டிசம்பர் 26, இதே அரையாண்டு விடுமுறை வாரம். ஆழிப்பேரலை இக்கரையின் மீனவர் ஊர்களைத் தாக்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியலாளர்கள் பரங்கிப்பேட்டைக் கரையின் 18 குடியிருப்புகளை ஆய்ந்து, சுரபுன்னைக் காட்டின் பின்னும் மேட்டு நிலத்திலும் அமைந்தவற்றில் இழப்பு குறைவு என்று 2005இல் எழுதினார்கள். சுரபுன்னை வளர உப்புநீரோடு நன்னீரும் கலக்கவேண்டும். அந்த நன்னீரில் ஒரு பங்கு வெள்ளாற்றினுடையது.

இன்று பரங்கிப்பேட்டை வணிகத் துறைமுகம் அன்று; மீன்பிடித்துறை. காலையில் படகுகள் திரும்பும்போது கரை முழுதும் ஏலக்குரல். மகள் கைநிறையச் சிப்பி பொறுக்கினாள். இரும்பாலையைக் குறிக்கும் கல்லோ பலகையோ நான் நடந்த வழியில் என் கண்ணில் படவில்லை. விசாரித்தபோது ஒருவர் ஒரு திசையையும் மற்றொருவர் வேறொரு திசையையும் காட்டினர். புகாரைக் கடல் கொண்டது என்று காப்பியம் எழுதி அழுத மரபு நம்முடையது. கடல் கொள்ளாமலே, கண்முன்னே, இருநூறு ஆண்டுக்குள் மறைந்த பட்டினத்துக்காக நாம் ஒரு வரியும் அழவில்லை.

விடுமுறை முடிந்து முதல் வகுப்பு. மீண்டும் நெய்தல். புகார், கொற்கை, முசிறி என்று எழுதிய வரிசையின் கீழ், வெள்ளாற்றின் வாயில் பரங்கிப்பேட்டை என எழுதினேன். பிறகு மலையிலிருந்து கடல்வரை ஆற்றைக் கோடாக வரைந்து, தொழுதூர், திட்டக்குடி, கூடலையாற்றூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று புள்ளிகள் வைத்தேன். கேள்வி கேட்ட மாணவர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, எங்க வீடு இங்க வரும்" என்று எழுந்து வந்து, சுண்ணக்கட்டியை வாங்கி, திட்டக்குடிக்குச் சற்றுக் கிழக்கே தானும் ஒரு புள்ளி வைத்தார்.